லாக்கு முட்டியும் எண்ணெய் முட்டியும்

"என் முட்டியில எண்ணெய் ஓடுது அண்ணே!"

கோலசிலாங்கூர் பஸ் நிலையத்தில் இந்தப் பேச்சு காதில் விழவும் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் இருவர், இருவருக்கும் ஒரு கால் செயற்கைக் கால். ஒருவர் எஸ்டேட் தோட்டத்தில் வேலை செய்பவர். மற்றவள் ரவாங் பேக்டரி உடுப்பில் இருந்த இளம்பெண். மூன்றாம் வகுப்பைத் தாண்டாமலே சொந்தமாக மூன்று லோரி வாங்கியவன் நான். லோரிச் சக்கரத்து எண்ணெய் அப்சார்பர் மாதிரிதான் அவள் முட்டியும்; அது எப்படி அமுங்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

"என்னோடது லாக்கு முட்டி தங்கச்சி. லாக்குப் போட்டா கம்பு மாதிரி நிக்கும், மடங்காது. அடுத்த வாரம் தோட்டத்துல அம்மன் திருவிழா. கால் போனப்புறம் மொத திருவிழா. ரதத்துக்கு முன்னால நான் ஆடாத வருசமே இல்ல. அதான் ஆஸ்பத்திரில இத மாத்தி எண்ணெய் முட்டி கேக்கப் போறேன்."

"மொதல்ல ஆடிப் பாத்துட்டுக் கேளுங்க லா."

கைபேசியில் உருமி மேளத்தைப் போட்டுவிட்டு அவளே எழுந்து ஆடினாள். முழங்கால் அழகாக மடங்கி நிமிர்ந்தது. மேளம் வேகமெடுத்ததும் நின்றுவிட்டாள்.

"ஓங்கி மிதிச்சா மடங்கிடுமோன்னு பயமாருக்கு அண்ணே."

அவர் டக்கென்று லாக்கைப் போட்டார். அந்தக் காலை ஊன்றி, நல்ல காலால் தரையை உந்திப் பம்பரமாகச் சுற்றினார். டிக்கெட் வரிசையே கைதட்டியது.

"அடேங்கப்பா! அண்ணே, இந்த முட்டிய மாத்திடாதீங்க!"

"யாரு மாத்தறா? திருவிழாவுக்கு நீயும் வந்துடு தங்கச்சி. நீ நெளிஞ்சு ஆடு, நான் சுத்தி ஆடறேன். அம்மனுக்கு ரெண்டும் பிடிக்கும்."