மஞ்சள் குழியை மாற்றி வாசித்தவன்

தலைமைக் கதிரையைத் தன் வெண்ணிறத் தொப்பியாலும் அதைவிட வெண்ணிற மனத்தாலும் அலங்கரிக்கும் எங்கள் ஆய்வுகூட அதிபர் செய்னுலாப்தீன் ஹாஜியார் அவர்களே! முகம் மலர அமர்ந்திருக்கும் முந்தல் ஊர்ப் பெரியவர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை முகத்திலும் ஏந்தியிருக்கும் தாய்மார்களே! குளத்தில் இறாலையும் வரம்பில் உறக்கத்தையும் வளர்க்கும் பண்ணைச் சகோதரர்களே! எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பொறுப்பாளர் பதவியை இன்று ஏற்றிருக்கும் செல்வி றுஷ்னா அவர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும், அனைவருக்கும் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். பதியுதீன் பகிடி விடுகிறான் என்று நினைக்கிறீர்கள். இல்லை ஐயா, இல்லை! எனக்குப் பொறாமை. வயிறு எரியும் பொறாமை. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தவன் நான். என் மூக்குக்கண்ணாடிக்கு இருக்கும் அனுபவம்கூட அவருக்கு இல்லை. ஆனாலும் பதவி யாருக்கு? மாலை யாருக்கு? மைக் மட்டும் எனக்கு!

இறாலில் தடைசெய்த மருந்து கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியுமா? நாக்குக்குத் தெரியுமா? கருவாட்டை மூன்று வீடு தள்ளி மோந்து பிடிக்கும் நம் மூக்குக்குத்தான் தெரியுமா? நூறு கோடியில் ஒரு பங்கு, அதிலும் குறைவு! அதைப் பிடிப்பது நகத்தளவுக் குழிகள் நிறைந்த ஒரு சிறு தட்டு. குழியின் அடியில் பிறபொருளெதிரி என்ற புரதம் ஒட்டியிருக்கும். தனக்குரிய அந்த ஒரு மருந்தை மட்டுமே அது பிடிக்கும். அதைக் கதிரை என்று வையுங்கள். கதிரைகளோ கொஞ்சம். இறாலை அரைத்தெடுத்த சாற்றை ஊற்றுகிறோம். கூடவே, நிறம் தரும் நொதியைக் கட்டிய அதே மருந்தை நாமும் விடுகிறோம். இரண்டும் ஒரே கதிரைக்கு முண்டியடிக்கும். இடம் கிடைக்காதது கழுவுண்டு போகும். நாம் கட்டி அனுப்பியது அமர்ந்தால் குழி மஞ்சளாகும். இறாலின் மருந்து அமர்ந்தால் மஞ்சள் மங்கும். மருந்து கூடக்கூட நிறம் குறையும்! அளவு தெரிந்த கரைசல்களின் நிறத்தோடு ஒப்பிட்டால், எவ்வளவு மருந்து என்றும் சொல்லிவிடலாம்.

ஆஸ்பத்திரியில் நான் செய்த சோதனைகளோ இதற்கு நேர்மாறு. அங்கே நிறம் வந்தால் நோய். இங்கே சேர்ந்த இரண்டாம் கிழமை, பண்ணைக்காரர் பஸ்தியான் அண்ணனின் இறால்சாறு ஊற்றிய குழி மஞ்சள்சோறு போல் மின்னியது. மருந்து இருக்கிறது என்றேன்.

றுஷ்னா மெதுவாகச் சொன்னார்: "சேர், கோவிக்காதீங்க. மருந்தே போடாத குழிய ஒருக்காப் பாருங்க. அதும் இதே மஞ்சள்தானே?"

"இருவத்திரெண்டு வருஷமா நெறம் பாத்தவனுக்கு நீங்களா கதை சொல்ல வாறீங்க?"

கேட்டது காது, கேட்கவிடாதது பொறாமை! நான் சேர்ந்த நாளிலிருந்தே ஹாஜியாரின் வாயில் றுஷ்னா புராணம்தான். நிறத்தை அளக்கும் இயந்திரம் வாசித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் பஸ்தியான் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். மருந்து கண்ட குளத்தில் அன்றைக்கே குளோரின் கொட்டுவது நம் பண்ணைச் சங்கத்தின் கட்டுப்பாடு என்று உங்களுக்குத் தெரியும். நான்கு மாதம் பாடுபட்டு வளர்த்த இறால். ஒரு வாளியில் அதன் ஆயுள்!

இயந்திரம் வாசித்தது: மருந்து இல்லை. அண்ணனின் போனோ அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. நான் மறுபடி மறுபடி எண்ணை அழுத்தினேன். றுஷ்னா ஆட்டோ பிடித்துக் குளத்துக்குப் பறந்தார்.

என்ன பஸ்தியான் அண்ணன், கையை உயர்த்துகிறீர்கள்? சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"வாளிய சரிக்கப் போயிட்டன் சேர்! புள்ள வரம்பில ஓடிவந்து கையப் புடிச்சிட்டு. 'வைங்க அண்ணன், பிழை எங்கட'ன்னு சொல்லிச்சி."

கேட்டீர்களா? 'எங்கட' என்றாராம். 'பதியுதீன்ட பிழை' என்று சொல்லவில்லை! இரண்டு வருடமாக, யாரிடம் சொல்லியிருப்பாரோ, எப்போது சொல்வாரோ என்று வெந்துகொண்டிருந்தேன். இன்றுவரை ஹாஜியாருக்கும் தெரியாது. ஹாஜியார், இப்போது தெரிந்துகொள்ளுங்கள். பிழை எங்கள் பிழை அல்ல, என் பிழை! அந்த ஒரு சொல்லுக்காகவும் இந்தப் பெண் மேல் எனக்குப் பொறாமை. எனக்கு அது வாயில் வந்திருக்காது.

சபையோரே! நிறம் கட்டி அனுப்பிய மருந்து நான். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் என்பதுதான் என் நிறம். சரக்குள்ளவர் வந்து அமர்ந்தார். நான் கழுவுண்டு போனேன். தடைசெய்த மருந்தோடு ஒப்பிட்டதற்குப் புதிய பொறுப்பாளர் மன்னிக்க வேண்டும். பொறாமைக்காரனுக்கு அதைவிட நல்ல உவமை வரவில்லை.

பொறாமை இன்னும் தீரவில்லை. ஆனால் நாளைக் காலை என் தட்டை அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் போனைத் தொடுவேன். வாளியைக் கீழே வைத்த அண்ணனுக்கும், வைக்கச் சொன்ன தங்கைக்கும், பொறாமைக்காரனைப் பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும் நன்றி. வஸ்ஸலாம், வணக்கம்.