மலையில் பேர் கூப்பிட்ட மூன்று காலைகள்

ஜப்பான்காரன் குண்டு விழுகிறது. விசில் போல நீளமாக ஒரு சத்தம். பிறகு தரை தூக்கிப் போடுகிறது. ரங்கூன். கிறிஸ்துமசுக்கு இன்னும் இரண்டு நாள். காலை பத்து மணி இருக்கும். அரிசி மில்லுக்குப் பின்னால் சாக்கடையில் கிடக்கிறேன். என் மகள் ரூத்து என் வயிற்றுக்கு அடியில். நான்கு வயது.

"படுங்க! அல்லாரும் தலையக் கவுத்துப் படுங்க!" மாசிலாமணி அண்ணன் கத்துகிறார்.

சத்தம் நின்றது. காது அடைத்திருந்தது. முதலில் கேட்டது அவர் குரல்தான். பேர் கூப்பிட்டார்.

அது சங்ககிரியில் எங்கள் சபையின் வழக்கம். சபையார் காடுமேடெங்கும் சிதறி இருப்பவர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேனுங்க" என்று சொல்ல வேண்டும். பதில் வராத வீட்டுக்கு அன்று சாயங்காலமே இரண்டு பேர் போவார்கள். உபதேசம் பண்ண அல்ல. சும்மா கூட உட்கார்ந்திருக்க. ரங்கூன் மில் வேலைக்கு வந்த ஆறு பேரும் இந்த வழக்கத்தை விடவில்லை. அங்கே கூப்பிட்டவர் மாசிலாமணி அண்ணன்.

சாக்கடையில் அவர் மனைவி மரியாள் பதில் சொன்னாள். என் வீட்டுக்காரர் யேசுதாசன் சொன்னார். நான் சொன்னேன். ரூத்து, "இக்கேனுங்க" என்றாள். அவளுக்கு அப்படித்தான் வரும். சாலமோன் சொன்னான். அவன் தம்பி தாவீது சொல்லவில்லை. மில் வாசலில் கிடந்தான்.

நடந்தோம். புரோம் ஊர் வரை ரோடு. அதற்குப் பிறகு மலை. மலைக்கு அந்தப் பக்கம் கடல், படகு. மலையில் தண்ணீர் இல்லை. எங்களைப் போல நடந்து வந்தவர்கள் வழியெல்லாம் தூங்குகிறவர்கள் போலக் கிடந்தார்கள். சிலர் தூங்கவில்லை. தினமும் விடியும்போது மாசிலாமணி அண்ணன் பேர் கூப்பிட்டார். தாவீதின் பேரை விட்டுவிட்டார். சாலமோன்தான் அப்படிக் கேட்டுக்கொண்டான்.

மலையில் நான்காம் நாள் யேசுதாசனுக்குக் காய்ச்சல். கண் திறக்கவில்லை. "நீங்க போங்க. நான் இங்கயே கெடக்கறேன்" என்றார். அன்று சாயங்காலம் ரூத்து போய்விட்டாள். வாந்திபேதி. மூன்று மணி நேரம்தான். கல்லை அடுக்கி மூடினோம். அவருக்குத் தெரியாது.

விடிகிறது. பேர் கூப்பிடுகிறார். என் பேர் முடிந்தது. அடுத்து ரூத்து. அண்ணன் வாய் திறந்தபடி நிற்கிறார். யேசுதாசன் தலையைத் தூக்குகிறார்.

"ரூத்து," என்றார் அண்ணன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"இக்கேனுங்க."

பாறைக்குப் பின்னால் இருந்து. மரியாளின் குரல். சபையில் ஒரு நாளும் வாய்விட்டு ஜெபம் பண்ணாதவள். சொல்லும்போதே நாக்குக் குழறும் என்பாள். அன்று குழந்தையின் குரல் அப்படியே வந்தது.

யேசுதாசன் எழுந்தார். காய்ச்சலில் கண் சரியாகத் தெரியாமல், கோலை ஊன்றி நடந்தார். பிள்ளை எங்கே என்று கேட்டார். சாலமோன் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறான் என்றாள் மரியாள். மறுநாளும் அந்தக் குரலில் பதில் சொன்னாள். அதற்கு மறுநாளும். மூன்று காலை. மூன்று காலையும் நான் பேசாமல் நின்றேன். அது பொய். அந்தப் பொய்யில்தான் அவர் நடந்தார். தேற்றுதல் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடற்கரையில் படகு நின்றது. "புள்ளையக் கொடுங்க, நான் தூக்கறேன்," என்று யேசுதாசன் சாலமோனிடம் கை நீட்டினார். மரியாள்தான் நடந்ததைச் சொன்னாள்.

"ஏனுங்க இப்பிடிப் பண்ணுனீங்க?" என்றார் அவர்.

"நீங்க எந்திரிக்கோணுமேன்னுதானுங்க."

அதற்குப் பிறகு அவர் அவளுடன் பேசவில்லை. படகில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் நாள் அவளுக்கும் வாந்திபேதி. மத்தியானம் உடலைக் கடலில் இறக்கினார்கள். பெரிதாகச் சத்தம் வரவில்லை. அப்போதும் அவர் பேசவில்லை.

கல்கத்தா. மெட்ராஸ். சங்ககிரி ஸ்டேஷன். கோட்டை மலை தெரிகிறது. தோட்டங்காடுகளில் சோளத்தட்டுப் போர் அடுக்கி நிற்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை.

வந்த முதல் ஞாயிறு. உபதேசியார் பழைய புத்தகத்தைத் திறந்தார். நடந்ததை அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"மாசிலாமணி."

"இருக்கேனுங்க."

"மரியாள்."

மாசிலாமணி அண்ணன் தரையைப் பார்த்தார். யேசுதாசன் எழுந்து நின்றார்.

"இருக்கேனுங்க," என்றார்.

உபதேசியார் எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு மரியாள் பேருக்கு நேரே, வந்தவர்களுக்குப் போடுவது போலவே, கோடு போட்டார். அன்று சாயங்காலம் நானும் யேசுதாசனும் மாசிலாமணி அண்ணன் வீட்டுக்குப் போனோம். விளக்கு வைக்கும்வரை கூட உட்கார்ந்திருந்தோம்.

சபையார் மறந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன். ரூத்தையும் சேர்த்து ஏழு பேரில் வந்து சேர்ந்தவர்கள் நான்கு பேர். தாவீது, மில் வாசலில். ரூத்து, மலையில். மரியாள், கடலில். ரங்கூனில் விட்டது, ஒரு தையல் மெஷின். இரண்டு பித்தளைக் குடம். கிறிஸ்துமசுக்குத் தைத்த சின்னச் சட்டை ஒன்று, பொத்தான் வைக்கவில்லை.

ரூத்து ரங்கூனில் பிறந்தவள். சங்ககிரிப் புத்தகத்தில் அவள் பேர் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை யாரும் கூப்பிடவில்லை.