நடுவில் நின்றவன் தோற்ற சண்டை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் செக்கு வைத்தேன், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உடைக்க மில் கட்டினேன், யுத்தத்தில் பலகையே கிடைக்காதபோது திண்டிவனத்தில் குத்துச்சண்டை மேடையும் போட்டுக் கொடுத்தேன். சண்டைக்கு மறுநாள் விழுப்புரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், ஜெயித்த பயில்வானும் அவன் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரு குத்துகூட ஒழுங்கா குத்தலியே மாமா, ஓடியே இல்ல ஜெயிச்சே!” என்றான் மச்சான்.

“அதான்டா தந்திரம். நான் கயித்தோரமாவே சுத்திக்கினு இருந்தேன். அவன் நடுவுல நின்னுக்கினு என் பின்னாலயே திரும்பித் திரும்பி மூச்சு வாங்கிட்டான். எருமை கனம், ஆனா தம் இல்ல.”

“அடுத்து வர்ற மெட்ராஸ் சண்டையிலயும் இதேதானா?”

“இதேதான். ரயில்வே வேலைய வேணாம்னு இன்னிக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். இனிமே குத்துச்சண்டைதான் நமக்குச் சோறு.”

“அக்கா கொன்னுடும்.”

“அவளையும் சுத்தியே ஓடிக்கினு இருப்பேன்.”

என்னை யாரும் கேட்கவில்லை. மேடைக்குக் கிடைத்த பலகை நாலு பக்கமும் கயிற்றோரத்துக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. நடுவில் என் மில்லிலிருந்து மல்லாட்டைத் தோலைக் கொட்டி மிதித்து, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். நடுவில் நின்ற அந்தப் பெரிய ஆள் ஒவ்வொரு அடிக்கும் புதைந்த காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தான். தம் எப்படி நிற்கும்?

மெட்ராஸில் மேடை முழுக்கப் பலகையாம். அது அவன் பாடு. திண்டிவனத்து வெற்றிக்கு அடித்த நோட்டீசில் அவன் பேர் மட்டும் இருக்கிறது. என் பேரையும் போட வேண்டும், அதே அளவு எழுத்தில்.