துளைகளுக்குள் என்ன இருந்தது

என் தம்பி நன்றாக நடந்தான். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். என் சிகிச்சை தோற்றுப்போனது என்று புகாரில் இருக்கிறதாம். அது தவறு. மற்றதெல்லாம் ஏறக்குறைய சரி.

அவன் பேருந்து ஓட்டுநர். லாரி மோதியதில் இடது முட்டிக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு எலும்பு நொறுங்கிப் போயிற்று. நான் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். காலை எடுத்துவிடலாம் என்றார் துறைத் தலைவர். நான் வேண்டாம் என்றேன்.

ஆறு வருடமாக மாடி ஆய்வகத்தில் ஒரு பொருளைச் செய்துகொண்டிருந்தேன். எலும்பில் இருக்கும் அதே சுண்ணாம்புத் தாதுவையும், உடம்புக்குள் மெல்லக் கரையும் ஒரு பிளாஸ்டிக்கையும் கலந்து, உள்ளெல்லாம் துளை விழும்படி வார்ப்போம். பார்த்தால் ரஸ்க் துண்டு மாதிரி இருக்கும். கட்டடம் எழும்பச் சாரம் கட்டுவார்களே, அதே வேலைதான். எலும்பு துளைகளுக்குள் புகுந்து வளர வேண்டும். வளர வளரச் சாரம் கரைந்துபோக வேண்டும். முயல்களில் நன்றாக வந்தது. மனிதருக்கு வைக்க அனுமதி வரவில்லை. தம்பியிடம் அதை மறைக்காமல் சொன்னேன்.

"நீ வைக்கறதுன்னா வச்சிடுக்கா. எனக்கென்ன தெரியும்," என்றான். படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

எட்டு மாதத்தில் மறுபடி பேருந்து ஓட்டினான். என் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இருந்தும் படியேறி வந்து, வாசலில் ஒற்றைக் காலில், அந்தக் காலில், நின்று காட்டினான். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் மகிழ்ச்சிதான்.

யாருடைய கால் என்று சொல்லாமல் எக்ஸ்ரே படத்தை ஒரு மூத்த பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "வெள்ளையாத் தெரியுதும்மா. ஆனா துளைக்குள்ள இருக்கறது எலும்பா, வெறும் தழும்புச் சதையா? படத்தை வச்சு எப்படிச் சொல்றது?" என்றார்.

நியாயமான கேள்வி. முயல் என்றால் பன்னிரண்டாம் வாரம் கொன்று, எலும்பை மெல்லிய சீவலாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்துவிடுவோம். இங்கே விடை என் எதிரே சோபாவில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். அவன் பேசுவது காதில் விழும். என் கண் அவன் முட்டிக்குக் கீழேயே இருக்கும். ஒரு வருடம் பொறுத்தேன். அது குறைந்த காலம் இல்லை.

பிறகு, ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரிகிறது, திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்னேன்.

"வலியே இல்லையேக்கா."

"சிலருக்கு வலிக்காது."

அவன் மனைவி அவனிடம், "அண்ணி சொன்னா சரியாத்தாங்க இருக்கும். நாளைக்கே லீவு சொல்லிடுங்க," என்றாள்.

சாரம் வைத்த இடத்தில் ரம்பம் இறங்கியபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. தழும்பு என்றால் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே ரம்பம் திணறியது. நான் சிரித்திருக்க வேண்டும்; மயக்க மருந்து கொடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சீழ் ஒண்ணும் காணோமே டாக்டர்?"

"உள்ள இருக்கும்," என்றேன்.

ஒரு விரல் நீளத்தை முழுதாக வெட்டி எடுத்தேன். கொஞ்சமாகச் சுரண்டினால் ஓரம் மட்டும்தான் தெரியும்.

எந்த ஆய்விலும் ஒப்பிட்டுப் பார்க்க இயல்பான எலும்பு ஒன்று வேண்டும். வேறு ஆளுடையது சரிப்படாது. வயது, எடை, நடை எல்லாம் மாறிவிடும். ஒட்டுவைக்க எலும்பு தேவைப்படுகிறது என்று செவிலியரிடம் சொல்லி, வலது காலையும் மருந்து தடவித் தயார் செய்யச் சொன்னேன். அதே இடம். அதே நீளம். புதிய சாரம் ஒரு துண்டுதான் கையிருப்பில் இருந்தது. அதை இடது காலில் வைத்தேன். வலது காலில் விழுந்த இடைவெளியை எலும்புச் சிமெண்டால் அடைத்தேன்.

கண் விழித்ததும், "அக்கா, நல்ல கால்ல ஏன் கட்டுப் போட்டிருக்கு?" என்றான்.

தூங்கு என்றேன்.

மூன்றாம் வாரம் இடது காலில் நிஜமாகவே சீழ் பிடித்தது. வேறு மருத்துவமனையில் தொடையோடு எடுத்தார்கள். வலது கால் இன்னும் அவன் எடையைத் தாங்கவில்லையாம். என்னை வார்டுக்குள் விட வேண்டாம் என்று அவன் மனைவி வாசலில் சொல்லி வைத்திருந்தாள். மயக்க மருந்து கொடுத்தவர்தான் உங்களிடம் வந்திருப்பார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

சீவல் எப்படி இருந்தது என்று நீங்கள் இதுவரை கேட்கவே இல்லை. ஒவ்வொரு துளையிலும் எலும்பு. நடுவில் ரத்தக் குழாய்கூட. வலது கால் எலும்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எது எது என்று சொல்ல எனக்கே சற்று நேரமாயிற்று. அந்த நுண்ணோக்கிப் படத்தைத் தம்பியின் போனுக்கு அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டான், இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் போடவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெருமையை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு வராது.