இரண்டு தட்டு

உங்கள் அறை ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது, இன்ஸ்பெக்டர் சார். வடிகுழாயில் தூசி அடைத்திருக்கும். கழற்றி ஒரு ஊது ஊதினால் போதும், பத்து நிமிட வேலை. வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினாறு வருடமாகக் குளிர்கிடங்கு இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்குச் சொட்டுச் சத்தம் கேட்டால் இருப்புக்கொள்ளாது.

விபத்து என்று எழுதி நீங்கள் கட்டி வைத்துவிட்ட கோப்பை நானே வந்து பிரிக்கச் சொல்வது விசித்திரமாகத்தான் இருக்கும். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் தோளையும் தட்டிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அந்தக் கோப்பில் ஒரு தவறு இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். அதற்கு முதலில் எங்கள் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளப்பில் ஆடும் சீட்டு இல்லை இது. படம் போட்ட கார்டுகள். ஆளுக்கு அறுபது கார்டு கொண்ட ஒரு கட்டு, ஆளுக்கு இருபது உயிர். கட்டில் உள்ள ஜந்துக்களை மேசையில் இறக்கி எதிராளியின் உயிரைக் குறைக்க வேண்டும். நான் பூதக் கட்டு வைத்து ஆடுகிறவன். ஆறு, ஏழு சுற்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்து ஒரே ஒரு பூதத்தை இறக்கினால் எதிராளியின் கதை முடிந்தது. உழைப்பாளியின் கட்டு அது. இறந்துபோன என் தங்கை கணவன் வைத்திருந்தது பறவைக் கட்டு. அதனால்தான் நாங்கள் ஆடும் ஹாலில் அவனுக்குச் சிட்டு என்று பெயர். பிறகு வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. என் அம்மாகூட மருமகனைச் சிட்டு என்றுதான் கூப்பிட்டாள். பெற்ற பிள்ளைக்கு ஒரு செல்லப்பெயர் வைக்க நாற்பது வருடத்தில் அவளுக்குத் தோன்றியதில்லை.

இரண்டாவது சுற்றிலேயே நகத்தளவு பறவைகளாக இரண்டு மூன்றை இறக்கிவிடுவான். தரையில் நிற்பது பறப்பதைத் தடுக்க முடியாது என்பது விதி. அவை என் தலைக்கு மேலே போய்ச் சுற்றுக்கு இரண்டு மூன்று உயிராகக் கொத்திவிட்டு வரும். நான் மூச்சைப் பிடித்துப் பூதத்தை இறக்கினால், சிரித்துக்கொண்டே ஒரு கார்டைப் போடுவான். பூதம் திரும்பவும் என் கைக்கே வந்துவிடும். கொல்லக்கூட மாட்டான். அதையே மறுபடி இறக்குவதில் எனக்கு அடுத்த சுற்றும் போய்விடும். இதற்கு டெம்போ ஆட்டம் என்று பெயர். இதை அம்மாவிடம் சொன்னபோது மாப்பிள்ளை சரக்கு வண்டி வாங்கப்போகிறார் என்று நினைத்து அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டாள். வேறொன்றுமில்லை, சார். எதிராளியைத் தாமதப்படுத்துவது. அவன் ஒரு சுற்று பிந்தினால் போதும், மற்றது தானாக நடக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. எதைச் செய்தாலும் எதிராளிக்குப் பதில் போட ஒரு வாய்ப்புத் தர வேண்டும். எங்கள் ஹாலில் "ஏதாவது இருக்கா?" என்று கேட்போம். ஒன்றுமில்லை, நீ மேலே ஆடு என்றால் விரல் முட்டியால் மேசையில் இரண்டு தட்டு. தட்டினால் தட்டியதுதான், பிறகு வாபஸ் கிடையாது. சிட்டுவுக்கு இது வீட்டிலும் பழக்கமாகிவிட்டது. தங்கை கரண்டியோடு நின்று இன்னும் போடவா என்பாள். அவன் மேசையில் இரண்டு தட்டு தட்டுவான். அவள் ஏதோ பெரிய நகைச்சுவையைக் கேட்டதுபோலச் சிரிப்பாள்.

இந்த விளையாட்டை அவனுக்குக் காட்டியதே நான்தான். கிடங்கில் சரக்கு இருப்பு எழுதும் வேலையைச் சொல்லி வாங்கிக்கொடுத்ததும் நான்தான். என் தங்கை அவனைப் பார்த்ததுகூட என் ஆட்டத்தைப் பார்க்க வந்த இடத்தில்தான். கல்யாணத்துக்கு முன்பு என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். அது எனக்கு ராசி என்று நினைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அதே ஹாலில், அதே மேசையில், எதிர்நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். ஒரு நாள் எல்லோரும் கேட்க, "அண்ணா, உங்க பூதம் பாவம். அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்குது" என்றாள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. அதை ஒளிக்க ஒன்றுமில்லை, இரவும் பகலும் எரிந்தது. அவனோடு முப்பத்தொரு ஆட்டம் ஆடியிருக்கிறேன். முப்பத்தொன்றிலும் அவன்தான் ஜெயித்தான். ஒவ்வொரு தடவையும் எழுந்து கைகொடுத்து, "மச்சான், இன்னைக்குக் கொஞ்சம் விட்டிருந்தா நீங்க அடிச்சிருப்பீங்க" என்பான். அவன் அதை உண்மையாகவே நினைத்துச் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கோப்பைப் போட்டியின் அரையிறுதி. மூன்று மணிக்கு அவனும் நானும். ஜெயிப்பவன் நாலு மணிக்கு இறுதி ஆட்டத்தில் உட்காருவான். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் நாற்காலிக்கு வராதவன் தோற்றவன். பத்து நிமிடம்தான், சார். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

குளிர் அறைக் கதவின் உட்பக்கம் ஒரு பச்சைக் குமிழ் இருக்கும். வெளியே பூட்டியிருந்தாலும் அதை அழுத்தினால் கதவு திறக்கும். ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது என்று வெள்ளிக்கிழமை அதைக் கழற்றினேன். பதிவேட்டில் எழுதினேன், கதவில் எச்சரிக்கைத் தாளும் ஒட்டினேன். உங்கள் ஆள் அந்தத் தாளைப் படம் எடுத்திருக்கிறார். ஸ்பிரிங் தேயவில்லை. அது என் வீட்டு மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. எச்சரிக்கையை மதிக்காமல் அவன் தனியே உள்ளே போனான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் தனியே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் வீட்டிலிருந்து கிளம்பினோம். வழியில் கிடங்கில் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் பிரிந்து போனதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். நடந்தது வேறு. "மாப்ள, ரெண்டாம் நம்பர் ரூம்ல குளிர் எறங்க மாட்டேங்குது. உள்ள மீட்டர்ல எவ்வளவு காட்டுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லிட்டு வாயேன். குமிழ் இல்ல, நான் கதவப் புடிச்சுக்கறேன்" என்றேன். பின்வாசல் சாவி எங்கள் இரண்டு பேரிடமும் உண்டு. விடுமுறை நாள், காவலாளி தெருப்பக்கம் இருந்தார். சிட்டு கனத்த கோட்டைக்கூட மாட்டவில்லை. ஒரு நிமிட வேலைக்கு எதற்கு என்றான். உறைந்த பட்டாணிப் பெட்டிகளைத் தாண்டிக் கடைசி வரை போய், "இருபத்திரண்டு டிகிரி மைனஸ், மச்சான். நல்லாத்தான இருக்கு" என்று கத்தினான். நான் கதவைச் சாத்தினேன்.

ஓடிவந்து கதவருகே நின்றிருப்பான் போல. "மச்சான், வெளையாடாதீங்க" என்றது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. குரலில் சிரிப்பு இருந்தது. வாய்ப் பழக்கத்தில் நான், "ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. அவனும் பழக்கத்தில்தான் தட்டியிருக்க வேண்டும். ஆனால் தட்டியது தட்டியதுதான்.

மூன்று பத்துக்கு நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் பெயரை எழுதினார். தங்கை அப்போதுதான் வந்தாள். அவனுடைய போன் கிடைக்கவில்லை என்று முகம் வெளுத்து நின்றாள். இரும்புச் சுவருக்குள் சிக்னல் எப்படிக் கிடைக்கும். "இப்பிடி வராம இருக்கவே மாட்டாரே, அண்ணா" என்றாள். நான் கிடங்கில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், நீ இங்கேயே இரு என்றேன். உண்மையில் திறக்கத்தான் போனேன், சார். நான் கேட்ட பத்து நிமிடம் எனக்குக் கிடைத்துவிட்டது. கொக்கியில் அவனுடைய கோட்டு தொங்கியது. கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே தட்டும் சத்தம் கேட்டது, முன்பைவிட மெதுவாக.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவனை வெளியே விட்டால் நாலு மணி இறுதி ஆட்டத்தில் தங்கை யார் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள்? ஒரு போர்வையைப் போர்த்தி அவனை உட்காரவைத்து, அவன் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். நான் ஜெயிப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் முறைப்படி மறுபடியும் கேட்டேன், ஏதாவது இருக்கா மாப்ள என்று. இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து இரண்டு. பிறகு இன்னொரு இரண்டு. நின்று நிதானமாக எண்ணினேன். எண்ணி முடித்தபோது ஒற்றைத் தட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

திரும்பிப் போய், கிடங்கு பூட்டியிருக்கிறது, அங்கே அவன் இல்லை, யாரையாவது பார்க்கப் போயிருப்பான் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவாள். இறுதி ஆட்டத்தில் என் பூதம் ஆறாவது சுற்றில் இறங்கியது, அதைத் திருப்பி அனுப்ப யாரும் இல்லை. கோப்பையைக் கையில் வாங்கிவிட்டுத் திரும்பினால் தங்கை வாசலில் நின்று போனைக் காதில் வைத்திருந்தாள். நான் ஜெயித்ததை அவள் பார்க்கவே இல்லை. ஆறு மணிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போய் நானே கதவைத் திறந்தேன். மீதியெல்லாம் உங்கள் கோப்பில் சரியாகவே இருக்கிறது.

இப்போது ஹாலில் அவன் படத்தை மாட்டியிருக்கிறார்கள், சுற்றிலும் அந்தப் பறவைக் கார்டுகள். சிட்டு வந்திருந்தால் கதையே வேறு என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள், அதுவும் என் காதுபடவே. போன வாரம் தங்கை என் அலமாரியிலிருந்து கோப்பையை எடுத்துப்போய் அவன் படத்துக்கு முன்னால் வைத்தாள். "இது அவருக்குச் சேர வேண்டியதுதானே, அண்ணா?" என்று கேட்டாள். நான் மேசையில் இரண்டு தட்டு தட்டினேன். அவள் உடைந்து அழுதுவிட்டாள்.

அன்றைய அரையிறுதி முடிவுத் தாளின் நகல் உங்கள் கோப்பில் பதினோராவது பக்கத்தில் இருக்கிறது. என் பெயருக்கு நேராக, "எதிராளி வரவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். நான் சொன்ன தவறு அதுதான். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், ஆனால் அந்த வரியை அடித்துவிட்டு எழுதுங்கள், சார். அவன் வராமல் தோற்கவில்லை. முப்பத்திரண்டாவது ஆட்டத்தில் என்னிடம் தோற்றான்.