மொட்டைக்கு மூன்று நாட்டு அனுமதி

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில், என் பையை நான்காம் முறை தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது முன் இருக்கைப் பேச்சு காதில் விழுந்தது. பேசியவர் மடியில் ஒரு பெண் குழந்தை. வயது மூன்றிருக்கும், சடை ஐந்து.

“எம்பொண்ணுக்கு மொட்ட அடிக்க மூணு நாட்டுக்காரன் ஒத்துக்கணுமாம், மாமா.”

பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்தார். “என்னாத்துக்கு மச்சான்?”

“நம்ம அம்மன் இருக்குற அலையாத்திக் காட்ட மூணு நாட்டு ஆளுங்க சேந்துதான பாதுகாக்குறாங்க? வேலி போட்டுட்டாங்க. உள்ள போவணும்னா மூணு பேரும் கையெழுத்துப் போடணும். ரெண்டு நாடு போட்டுட்டுது. மூணாவதுல லீவாம்.”

“பேசாம ஊர்க் கோயில்ல அடிச்சிட்டுப் போயேன்.”

“அங்க வந்து அடிக்கிறேன்னுதான மாமா அம்மனுக்கு நேந்துக்கிட்டேன்.”

“அப்படி என்னாய்யா கேட்ட அம்மன்கிட்ட?”

குழந்தையின் அப்பா அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

“எறாலு வளக்குற பண்ணக்காரன் அந்தக் காட்ட அழிச்சிடாம யாராவது வந்து காப்பாத்தணும்னு.”