சுத்தமான கை

நான் தினமும் இரண்டு வேளை குளிப்பவன். ஐயா, இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் சுலபமாகப் புரியும்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஆய்வுக்கூடம் என் பொறுப்பு. நிக்கல் பட்டையின்மேல் பீங்கான் போன்ற மெல்லிய பூச்சை ஏற்றி அடுப்பில் சுடுவோம். திரவ நைட்ரஜனில் முக்கினால் அந்தப் பட்டையில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓட வேண்டும். பூச்சிலுள்ள படிகங்கள் ஒரே திசையில் படுத்திருந்தால்தான் ஓடும். நடுவில் ஒரு தூசி விழுந்தாலும் அவை தாறுமாறாகிவிடும். நூறு ஆம்பியர் போகிற இடத்தில் முப்பதுகூடப் போகாது.

2007 மே மாதம் சத்யா வேலைக்குச் சேர்ந்தாள். பழவேற்காட்டுப் பக்கம் மீனவக் குப்பம், டிப்ளமோ படித்தவள். அன்றிலிருந்து கூடத்தில் மீன் வாடை. எனக்குக் குமட்டும். அவள் தொட்ட இடுக்கியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான் எடுப்பேன். அவள் டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னேன். சோப்புப் போட்டுக் கழுவு என்றேன். கழுவிக் கழுவி அவள் விரல்நுனிகள் வெடித்துவிட்டன, அதைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது. வேறு வழியில்லாமல்தான் மூக்குப்பொடி போட ஆரம்பித்தேன்.

ஆடி மாதம் பட்டைகள் வரிசையாகத் தோற்றன. மீன் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம், அவளை நீக்கிவிடுங்கள் என்று மேனேஜர் விஜயகுமாருக்கு எழுதிக் கொடுத்தேன். பட்டையைத் தொடும்போது அவள் கையுறை போட்டுக்கொள்வாள், அது உண்மைதான். நான் போடுவதில்லை. சுத்தமான கைக்கு எதற்கு உறை?

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நுண்ணோக்கியில் எடுத்த படங்களோடு என்னிடம் வந்தாள்.

“சார், இது மீன் எண்ணெ இல்ல சார். அடுப்புல வெக்காத பட்டையிலயே கீது பாருங்க. இன்னாமோ எலத்தூளு மாதிரி பழுப்பா கீது.”

பொடி படிந்த என் விரல்களை அவள் பார்க்கவில்லை. மரியாதை தெரிந்தவள்தான்.

“வேல போச்சுன்னா ஊட்ல ரொம்பக் கஷ்டம் சார். நாளிக்கு மேனேஜர் சாராண்ட காமிக்கட்டுமா?”

தாராளமாகக் காட்டு, அதற்கு முன்னால் ஒரு தடவை அளந்துவிடு என்று உள்ளறைக்கு அனுப்பினேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை அது. நைட்ரஜன் ஆவியாகி, மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும். அதற்காகத்தான் அங்கே விசிறி. நான் விசிறியை நிறுத்தினேன். கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கைதவறி என்றெல்லாம் எழுத வேண்டாம். நைட்ரஜனுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. அதைவிடச் சுத்தமான பொருளை நான் பார்த்ததில்லை.

“சார், கதவு மாட்டிக்கினு கீது சார்” என்றாள். இரண்டு முறை தட்டினாள். அப்புறம் தட்டவில்லை.

அரை மணி கழித்துத் திறந்தேன். உறையைக் கழற்றி அவள் கையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாடைதான் அடித்தது. ஒருவழியாகச் சரியாகக் கழுவியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நானும் கைகழுவிக்கொண்டு டிபன் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஆனால் இந்த ஸ்டேஷனிலும் அதே மீன் வாடை அடிக்கிறது, ஐயா. உங்கள் ஆட்களில் யார் கருவாடு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் விசாரியுங்கள். அதுவரைக்கும் என் பொடி டப்பாவையாவது திருப்பிக் கொடுங்கள்.